செய்வினை, சூனியம், சாபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சூனியம் பலிக்குமா, பலிக்காதா?

எங்கோ உட்கார்ந்து மந்திரம் சொல்லி இன்னொருவரை நோயில் தள்ளவோ கொல்லவோ முடியும் என்பதற்கு, முறையாகச் சோதித்துப் பார்த்த எந்த இடத்திலும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் தனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நம்புகிற ஒருவருக்குத் தூக்கம் போகும், பசி போகும், நெஞ்சு படபடக்கும், அரிதாக உயிருக்கே ஆபத்து வரும். இதுவும் உண்மைதான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் ‘பலிக்கும்’ என்பவரும் ‘எல்லாம் பித்தலாட்டம்’ என்பவரும் ஆளுக்குப் பாதி சரியாகப் பேசிக்கொண்டே சண்டையில் முடிகிறார்கள்.

மந்திரத்துக்குச் சக்தி கிடையாது. மந்திரம் வைத்திருக்கிறார்கள் என்கிற சேதிக்கு நிறையவே உண்டு.

ஏவல், பில்லி, சூனியம், வசியம், சாபம் எல்லாம் ஒன்றா?

பேச்சில் கலந்துதான் வருகின்றன. ஒருவருக்குக் கெடுதல் வரவேண்டும் என்று பொருள்களையும் மந்திரங்களையும் வைத்துச் செய்கிற சடங்கு செய்வினை. பில்லி, சூனியம் என்பதும் அந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒருவர் மீது அனுப்புவது ஏவல். மனதைத் தன் பக்கம் இழுப்பதற்கு வசியம். சாபத்துக்குச் சடங்கே வேண்டாம், வயிறெரிந்து சொன்ன சொல் போதும் என்பார்கள். கண்ணேறுக்கு அந்தச் சொல்லும் வேண்டாம், பார்வை போதும்.

பெயர் எதுவானாலும் உள்ளே ஓடுகிற கணக்கு உலகம் முழுக்க இரண்டுதான் என்று ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற மானுடவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டினார். ஒன்று, ஒருவரைப் போல இருக்கும் பொருளுக்குச் செய்தால் அது அவருக்கே செய்தது ஆகும். பொம்மையில் ஊசி குத்துவது இதில் வரும். மற்றொன்று, ஒருமுறை ஒட்டியிருந்தது பிரிந்த பிறகும் தொடர்பில் இருக்கும். அதனால்தான் முடி, நகம், உடுத்திய துணி, காலடி மண் என்று கேட்கிறார்கள்.

படித்தவர்கள்கூட நம்புகிறார்களே?

படிப்பு இந்த எண்ணத்தைத் துடைத்துவிடுவதில்லை, மூடி வைக்கிறது. அவ்வளவுதான். பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1986இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சர்க்கரையை இரண்டு பாட்டில்களில் போட்டு, ‘சர்க்கரை’ என்று ஒரு சீட்டையும் ‘சோடியம் சயனைடு’ என்று ஒரு சீட்டையும் மாணவர்கள் கையிலேயே கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். இரண்டும் சர்க்கரைதான் என்று கண்ணால் பார்த்திருந்தும், சயனைடு சீட்டு ஒட்டிய பாட்டிலிலிருந்து எடுத்துக் குடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பிடித்தவர்களின் படத்தின் மீது அம்பெறியச் சொன்னபோது குறியும் தவறியது.

நானும் விதிவிலக்கு இல்லை. என் அம்மாவின் புகைப்படத்தைக் கொடுத்து கண்ணில் ஊசியால் குத்து என்றால் குத்த மாட்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் கை போகாது. அந்தத் தயக்கம் மனித மனத்தின் அமைப்பு. அதிலிருந்து ‘அப்படியானால் ஏதோ இருக்கிறது’ என்று தாவுவதுதான் பிழை.

யாராவது உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

நிறைய. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியை ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமேதான் இருந்தது. அமெரிக்காவில் மேடை மாயவித்தைக்காரரான ஜேம்ஸ் ராண்டி 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கிய பந்தயம் பிறகு பத்து லட்சம் டாலர் வரை போனது. 2015இல் முடித்துக்கொண்டார்கள், பரிசு வாங்க ஆள் இல்லை.

எனக்குப் பிடித்தது 2008 மார்ச் மாதம் நடந்தது. ஒரு தாந்திரிகர் மந்திரத்தால் யாரையும் கொல்ல முடியும் என்று இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் சொன்னார். எதிரே இருந்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு, ‘என்னைக் கொன்று காட்டுங்கள்’ என்றார். பல மணி நேரம் நேரலையில் மந்திரம் ஓதினார்கள். அது போதாதென்று இரவில் திறந்த வெளியில் தீ மூட்டி இன்னொரு பெரிய சடங்கும் நடந்தது. சனல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நடுவில் தாந்திரிகர் சொன்ன சாக்கு இது: இவர் கும்பிடுகிற ஏதோ பெரிய தெய்வம் இவரைக் காக்கிறது. சனல் ஒரு நாத்திகர்.

இந்தச் சாக்கைக் கவனியுங்கள். பலித்தால் மந்திரத்தின் வெற்றி, பலிக்காவிட்டால் எதிராளிக்குப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் எந்தச் சோதனையிலும் தோற்க வழியே இல்லை.

ஆனால் சூனியம் வைக்கப்பட்டவர்கள் நிஜமாகவே இறந்திருக்கிறார்களே?

இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் (ஆபத்தில் உடல் ‘மோது அல்லது ஓடு’ என்று தயாராவதை விளக்கியவர் இவர்தான்) 1942இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, பசிபிக் தீவுகள் எனப் பல இடங்களிலிருந்து வந்த தகவல்களைத் திரட்டியிருந்தார். சூனியம் வைக்கப்பட்டதாகத் தெரிந்ததும் ஒருவர் சுருண்டு படுத்து, சில நாட்களில் இறந்துபோகிறார். அடங்காத பயம் உடலைத் தொடர்ந்து உச்ச நிலையில் வைத்து, கடைசியில் ரத்த அழுத்தத்தைச் சரியவைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். பின்னால் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்த மனிதர் சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிடுகிறார். சுற்றியிருப்பவர்களும் அவரைச் செத்தவராகவே நடத்தத் தொடங்கி, தண்ணீர் கொடுப்பதைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். உடலில் நீர் வற்றிச் சாவதற்கு மந்திரம் தேவையில்லை.

கெட்டது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே உடலில் கெட்டதை உண்டாக்குவதை மருத்துவத்தில் நொசீபோ விளைவு என்கிறார்கள். 2007இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், மனச்சோர்வு மருந்து ஆய்வில் பங்கேற்ற 26 வயது இளைஞர் ஒருவர் விரக்தியில் 29 மாத்திரைகளை ஒரேயடியாக விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார். ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கியிருந்தது, நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருந்தது. விசாரித்ததில், ஆய்வில் அவருக்குக் கொடுத்திருந்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அதைச் சொன்ன கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை வீங்கிச் செயலிழப்பதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்த இதற்கு, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் ‘டகோட்சுபோ’ என்று பெயர். பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், எல்லோரும் அல்ல.

ஆக, பயத்தில் சாவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். தனக்குச் சூனியம் வைத்தது தெரியவே தெரியாத ஒருவருக்கு இதில் எதுவும் நடப்பதில்லை. அதனால்தான் வைத்தவர்கள் அதை எப்படியாவது காதில் விழவைக்கிறார்கள்.

பழங்கால எகிப்திய மன்னர் துத்தன்காமன் கல்லறையைத் திறந்தவர்கள் சாபத்தால் இறந்தார்களாமே?

கல்லறை 1922 நவம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசு கடித்த இடம் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டு, சீழ் பிடித்து, நஞ்சு ரத்தத்தில் ஏறியது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் முதல் ஆளாக உள்ளே நுழைந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். 2002இல் ஓர் ஆய்வாளர், கல்லறையில் இருந்தவர்களையும் அப்போது எகிப்தில் இருந்தும் அங்கே போகாதவர்களையும் ஒப்பிட்டு ஆயுள் கணக்குப் பார்த்தார். சாபம் இருந்ததற்கான தடயமே இல்லை.

எங்கள் வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கெட்டது நடக்கிறது. இது எப்படித் தற்செயலாக இருக்கும்?

மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்த எவன்ஸ்-பிரிட்சர்ட் என்ற மானுடவியலாளர் 1937இல் எழுதிய ஒரு செய்தி இதற்கு நல்ல பதில். அங்கே தானியக் குதிர்களைக் கால்களில் நிறுத்தியிருப்பார்கள். வெயில் நேரத்தில் அதன் நிழலில் உட்காருவார்கள். சில சமயம் குதிர் சரிந்து ஆட்கள் மீது விழும். கரையான் காலை அரித்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்டது வேறு: இந்த ஆட்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் பார்த்து ஏன் விழவேண்டும்? அந்த ‘ஏன் நான், ஏன் இப்போது’ என்ற கேள்விக்கு அவர்கள் வைத்திருந்த பதில்தான் சூனியம்.

நோயின் காரணத்தை மருத்துவர் சொல்லிவிடுவார். ஏன் எனக்கு என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது. மந்திரவாதியிடம் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். அவரிடம் கூட்டம் குறையாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தற்செயல் என்பது சீராகப் பரவி வரும் என்று நாம் எதிர்பார்ப்பதும் தவறு. காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால் தொடர்ந்து ஆறு முறை பூ விழும் நேரம் வந்தே தீரும். அப்புறம், ஒரு கெட்டதே அடுத்ததை இழுத்து வரும்: வேலை போனால் கடன், கடனால் சண்டை, சண்டையால் தூக்கமின்மை, அதனால் விபத்து. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் இருக்கிறது.

அந்த மந்திரவாதி நாங்கள் வாயே திறக்காமல் எங்கள் கதையைச் சொன்னாரே?

பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, உங்கள் குணத்தை ஆராய்ந்து எழுதியது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்.

‘நெருங்கிய உறவில் ஒருவர் உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறார்’ என்று யாரிடம் சொன்னாலும் ஒரு முகம் மனதில் வரும். அது வந்ததை உங்கள் கண்ணே காட்டிக்கொடுக்கும். மீதியை அவர் அதிலிருந்து கட்டிக்கொள்வார். போதாததற்குக் காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக விசாரித்தவர் யாருடைய ஆள் என்று யோசித்துப் பாருங்கள்.

மண்ணைத் தோண்டித் தகடு எடுப்பது கைவித்தை. தோண்டும் கையிலேயே அது இருக்கும். தீப்பெட்டி இல்லாமல் தீ பிடிப்பது, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் பட்டதால். தண்ணீர் ரத்தச் சிவப்பாவது, மஞ்சள் தூளில் சுண்ணாம்பு சேர்ந்ததால். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்தால் இதற்குக் கைதட்டல்கூடக் கிடைக்காது.

சரி, கழிப்பு (செய்வினையை எடுக்கும் சடங்கு) செய்த பிறகு குணமானதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எப்போது போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாங்கவே முடியாத கட்டத்தில். ஏறி இறங்கும் தன்மையுள்ள எந்தத் தொந்தரவும் உச்சத்துக்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் பெயரைக் கழிப்பு எடுத்துக்கொள்கிறது. கூடவே, பயத்தால் வந்தது பயம் போனதும் போகும். நொசீபோவை எடுத்துவிட்டால் அதன் விளைவும் இல்லை.

தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏதோ ஏறி அமுக்குகிறது. கத்தக்கூட முடியவில்லை.

தூக்க வாதம். கனவு காணும் நிலையில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசை பின்தங்குகிறது. கனவு பாதி கண்ணில் நிற்கும். நூற்றில் ஏறக்குறைய 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். ஓரிரு நிமிடத்தில் தானாகவே விடும்.

எந்த மாதிரி அறிகுறிகளைச் செய்வினை என்று நினைத்து ஏமாறுகிறோம்?

திடீரென்று ஆளே மாறிப்போவதுதான் முதலிடம். நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களுக்குள் பிதற்றுகிறாள், யாரோ போலப் பேசுகிறாள், உடல் முறுக்கிக்கொள்கிறது என்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சியாக இருக்கலாம். 2007இல்தான் அதன் காரணத்தைக் கண்டறிந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். பூசையில் வாரங்களைக் கழித்தால் வாய்ப்பு குறைகிறது. குழந்தை பெற்ற சில நாட்களில் வரும் மனப்பிறழ்வும் இப்படித்தான், அவசர சிகிச்சை வேண்டியது. வலிப்பு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, மனச்சிதைவு இவையும் அடிக்கடி இந்தப் பெயரில் மறைந்துகொள்கின்றன. வயிற்றிலிருந்து முடிக்கற்றை வந்தால், தன் முடியைத் தானே தின்னும் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடுமருந்து தனிக் கதை. சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் அதை மந்திரக் கணக்கில் எழுதாதீர்கள். ஊமத்தை உள்ளே போனால் வாய் உலரும், கண்மணி விரியும், புத்தி தடுமாறும். அது விஷம். மருத்துவமனைக்குப் போங்கள், பிறகு காவல் நிலையத்துக்கு. ‘மருந்து எடுக்கிறேன்’ என்பவர் கொடுக்கும் வாந்தி மருந்தைக் குடிக்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் விட்ட சாபம்கூடப் பலிக்காதா?

சொல் மட்டும் போய்த் தாக்காது. ஆனால் ஒருவர் வாழ்க்கையைக் கெடுத்தவருக்கு அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் வரும் ஒவ்வொரு சறுக்கலையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார். அது குற்ற உணர்ச்சி. அப்படி ஒரு சாபம் உங்களை உறுத்தினால் மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தை, ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள் என்பேன்.

பழைய மத நூல்களில் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. அதர்வ வேதத்தில் எதிரிக்கு எதிரான மந்திரங்கள் உண்டு. யூத, கிறிஸ்தவ வேதங்கள் சூனியத்தைத் தடை செய்கின்றன. குர்ஆனில் முடிச்சுகளில் ஊதுபவர்களின் தீங்கிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் அத்தியாயம் உண்டு. மனிதர்கள் நெடுங்காலமாக இதற்குப் பயந்தார்கள் என்பதை இவை காட்டுகின்றன. பயந்தது உண்மை என்பதால் பயந்த பொருளும் உண்மை ஆகிவிடாது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இதில் சிக்கல் இல்லை: எல்லாம் வல்லவர் என்று ஒருவரை நம்புகிறவர், காசுக்கு வேலை செய்யும் மந்திரவாதியை அவருக்கும் மேலே வைப்பது எப்படி?

இங்கிலாந்தில் பாத் நகரின் ரோமானியர் காலத்து வெந்நீர் ஊற்றிலிருந்து சுமார் 130 சாபத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். ஈயத் தகட்டில் எழுதித் தேவிக்குப் போட்டவை. பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள். திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திர மனிதரோ, அவரைப் பிடி என்று கெஞ்சுகின்றன. படிக்கும்போது பயம் வரவில்லை, பாவமாக இருக்கிறது. புகார் கொடுக்க வேறு இடம் இல்லாதவர்களின் மனுக்கள் அவை.

நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

நம்பிக்கை தன்னோடு நின்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சூனியம் இருக்கிறது என்று சொன்ன அடுத்த நொடியே வைத்தவர் யார் என்ற கேள்வி வருகிறது. எங்கோ ஒரு முகத்தைக் காட்டியாக வேண்டும். அந்த முகம் பலசாலியின் முகமாக இருப்பதில்லை. விதவை, தனியாக வாழும் கிழவி, பங்கு கேட்கும் உறவுக்காரி, ஒதுக்கப்பட்ட வீட்டுக்காரர். அவர்கள் பெயரில் சொத்து இருந்தால் சந்தேகம் இன்னும் வேகமாக உறுதியாகும்.

ஐரோப்பாவில் சூனியக்காரி வேட்டை நடந்த சில நூற்றாண்டுகளில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர்வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். ‘இவளுடைய உருவம் இரவில் வந்து என்னைக் கிள்ளியது’ என்பது அங்கே சாட்சியமாக எடுபட்டது. 1711இல் குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். பழைய கதை என்று விட முடியாது. சூனியக் குற்றச்சாட்டால் நடக்கும் வன்முறையைக் கண்டித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் தீர்மானம் போட்டது 2021இல்.

எதிர்த்துப் பேசியவர்களுக்கும் ஆபத்து உண்டு. மகாராஷ்டிரத்தில் இதற்கெதிராகச் சட்டம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிய மருத்துவர் நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடையின்போது சுட்டுக் கொன்றார்கள். அவர் கேட்ட சட்டம் அந்த ஆண்டு இறுதியில் நிறைவேறியது.

சட்டம் வந்தால், சூனியம் இருப்பதாக அரசே ஒப்புக்கொள்வது ஆகாதா?

சட்டம் எதைக் குற்றம் என்கிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1735இல் கொண்டுவந்த சட்டம், சூனியம் வைத்தார் என்று தண்டிப்பதை நிறுத்தி, சூனியம் வைக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கியது. 1951 வரை அது இருந்தது. இன்றைய நல்ல சட்டங்களும் ஏமாற்றுவதையும் அடித்துத் துன்புறுத்துவதையும்தான் குறிவைக்கின்றன.

வீட்டில் பெரியவர் ஒருவர் உறுதியாக நம்புகிறார். எப்படிப் பேசுவது?

சிரிக்காதீர்கள். ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, எங்கே வலிக்கிறது, எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். அவர் கும்பிட்டு மனம் ஆறுகிறார் என்றால் கும்பிடட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும். நான்கு இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, அடிப்பது அல்லது பட்டினி போடுவது, கடன் வாங்கவைப்பது, இன்னார் செய்தது என்று பெயர் சொல்வது. கடைசியில் உள்ளதுதான் திரும்பி வராத எல்லை. ஒரு பெயர் சொல்லப்பட்டுவிட்டால், அதைச் சொன்ன மந்திரவாதி பொய்யர் என்று பின்னால் தெரிந்தாலும் அந்த உறவு பழையபடி ஒட்டுவதில்லை.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஏதோ கட்டி வைத்துப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடித் துண்டோ ரசாயனமோ இருக்கலாம், அதனால் கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் போட்டு, இடத்தைக் கழுவிவிடுங்கள். வீட்டில் பயப்படுகிறவர் இருந்தால் அவர் எழுவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. திரும்பத் திரும்ப நடந்தால் அது மிரட்டல், எடுத்த படங்களோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தாண்டலாமா கூடாதா என்று கேட்பவர்களுக்கு: தாண்ட வேண்டாம், தடுக்கி விழுவீர்கள், பெருக்கிவிட்டு நடங்கள்.